ஏற்றுமதிக்குப் பரிசோதனை, உள்நாட்டுக் குழந்தைகளுக்கு விஷமா?

மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் 2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து மடிந்தனர். பெரும்பாலோர் ஐந்து வயதைக்கூட எட்டாதவர்கள். சளிக்கும் காய்ச்சலுக்கும் தரப்பட்ட ‘கோல்ட்ரிஃப்’ என்ற இருமல் மருந்தே அவர்களின் உயிரைப் பறித்தது. தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இயங்கிய ஸ்ரீசன் பார்மா நிறுவனம் தயாரித்த அந்த மருந்தில், 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு வேதிப்பொருள் கலந்திருந்ததை தமிழ்நாடு அரசின் ஆய்வகம் கண்டறிந்தது. அனுமதிக்கப்பட்ட உச்ச வரம்பு 0.1 சதவீதம் மட்டுமே.

அக்டோபர் 13 அன்று உலக சுகாதார நிறுவனம் கோல்ட்ரிஃப் உள்ளிட்ட மூன்று இந்திய மருந்துகள் குறித்து உலக நாடுகளை எச்சரித்தது. உள்நாட்டில் விற்கப்படும் மருந்துகளில் இந்த நச்சு இருக்கிறதா என்று பரிசோதிப்பதில் இந்தியாவில் இடைவெளி நிலவுவதாகவும் அது கவலை தெரிவித்தது. அந்த நிறுவனம் ‘இடைவெளி’ என்று மென்மையாகக் குறிப்பிட்டது உண்மையில் ஒன்றிய அரசின் கொள்கையே ஆகும்.

2023 ஜூன் 1 முதல், ஏற்றுமதியாகும் இருமல் மருந்துகள் அரசு ஆய்வகங்களில் பரிசோதிக்கப்பட்டுச் சான்று பெற்ற பின்னரே கப்பலேற வேண்டும் என்று ஒன்றிய அரசு உத்தரவிட்டது. அதே ஆலையில் தயாராகி, அரசு மருத்துவமனைக்கு அருகிலுள்ள கடையில் விற்கப்படும் மருந்துக்கு அந்தக் கட்டாயம் விதிக்கப்படவில்லை. டாலர் ஈட்டித் தரும் புட்டிக்குச் சோதனை உண்டு. கூலித் தொழிலாளியின் குழந்தைக்குப் புகட்டப்படும் புட்டிக்கு அது இல்லை. சிந்த்வாராவின் சாவுகளுக்கான அடிப்படை இந்தப் பாகுபாட்டில்தான் இருக்கிறது.

ஏற்றுமதிக்கான உத்தரவும் தானாகப் பிறந்ததல்ல. 2022-ல் மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டில் சுமார் 70 குழந்தைகள் இதே முறையில் இறந்தனர். ஹரியானாவின் மெய்டன் நிறுவனம் தயாரித்த நான்கு மருந்துகள் குறித்து அந்த ஆண்டு அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கை விடுத்தது. சில வாரங்களில் உஸ்பெகிஸ்தானிலிருந்து அடுத்த செய்தி வந்தது. நொய்டாவின் மேரியன் பயோடெக் நிறுவனத்தின் மருந்தோடு தொடர்புடைய 68 குழந்தைகளின் மரணத்திற்காக, 2024 பிப்ரவரியில் அந்நாட்டு நீதிமன்றம் 23 பேருக்குத் தண்டனை விதித்தது.

இத்தகைய வேளையில் பொறுப்புள்ள அரசு செய்ய வேண்டியது, பாதிக்கப்பட்ட நாட்டோடு இணைந்து உண்மையைக் கண்டறிவதே. மாறாக, 2022 டிசம்பரில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி, இந்தியாவில் சோதிக்கப்பட்ட மாதிரிகள் தரமாகவே இருந்தன என்றும், உலக சுகாதார நிறுவனத்தின் அறிவிப்பு இந்திய மருந்துகளின் நற்பெயரைக் கெடுத்துவிட்டது என்றும் கடிதம் எழுதினார். காம்பியாவின் அதிகாரிகளும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமும் நடத்திய ஆய்வோ, இறக்குமதியான அந்த மருந்துகளையே காரணமாக வலுவாகச் சுட்டியது. எச்சரிக்கையைத் தேசத்தின் கௌரவத்தின் மீதான தாக்குதலாகச் சித்தரித்து ஒன்றிய அரசு காப்பாற்றியது மருந்து முதலாளிகளின் சந்தையை மட்டுமே. மருந்துப் பரிசோதனைக்குப் போதிய ஆய்வக வசதிகூட இல்லாதிருந்த காம்பியா, இந்தியாவிலிருந்து வரும் மருந்துகள் அனைத்தையும் கப்பலேறும் முன்பே சோதிக்க வேண்டும் என்று 2023 ஜூலை முதல் நிபந்தனை விதித்தது. தன் குழந்தைகளைக் காக்க அந்தச் சின்னஞ்சிறு நாடு காட்டிய உறுதியை, ‘உலகின் மருந்தகம்’ என்று மார்தட்டும் அரசு தன் குழந்தைகளுக்காகக் காட்டவில்லை.

இந்த நஞ்சு அறிவியலுக்குப் புதியதல்ல. 1937-ல் அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இதனால் இறந்தபோது, அங்கு 1938-லேயே புதிய மருந்துச் சட்டம் பிறந்தது. இந்தியாவில் 1972-ல் சென்னையிலும், 1986-ல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையிலும், 1998-ல் குருகிராமிலும், 2020-ல் ஜம்முவின் ராம்நகரிலும் இதே நஞ்சு உயிர்களைக் குடித்தது. மருந்தைக் கரைக்கப் பயன்படும் கிளிசரின், புரோப்பிலீன் கிளைக்கால் ஆகியவற்றை மருந்துத் தரத்தில் வாங்காமல், மலிவான தொழிற்சாலைக் கரைப்பானை வாங்கி, சோதிக்காமலேயே கலப்பதால்தான் நஞ்சு நுழைகிறது. ஆலையின் வாசலில் ஒரு சோதனை நடந்தால் தடுக்கக்கூடிய மரணங்கள் இவை. லாபவெறி அந்தச் சோதனையை வீண்செலவாகக் கருதுகிறது.

அந்த வெறிக்குக் கடிவாளம் போட வேண்டிய அரசு, கடிவாளத்தைத் தளர்த்தி வருகிறது. மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மக்களின் நலனைவிட மருந்துத் தொழிலை வளர்ப்பதற்கே முன்னுரிமை தருகிறது என்று நாடாளுமன்ற நிலைக்குழு 2012-லேயே கண்டித்தது. அதன் பிறகும் பாஜக அரசு 2023-ல் ‘ஜன் விஸ்வாஸ்’ சட்டத்தின் மூலம், தரமற்ற மருந்து தொடர்பான குற்றங்களில் ஒரு பிரிவை அபராதம் கட்டிச் சமரசம் செய்துகொள்ள வழி திறந்தது. மாநில அரசுகளும் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. காஞ்சிபுரம் ஆலையை முறையாக ஆய்வு செய்யாத மருந்து ஆய்வாளர்கள் சாவுகளுக்குப் பிறகே பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர்.

இங்குதான் சர்வதேச ஒத்துழைப்பு யாருக்காக என்ற கேள்வி எழுகிறது. விடுதலைக்குப் பிந்தைய இந்தியா ஒத்துழைப்பின் சிறந்த வடிவத்தை அறிந்திருந்தது. உலக சுகாதார நிறுவனம், யூனிசெஃப் ஆகியவற்றின் உதவியுடன் 1954-ல் பிம்ப்ரியில் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவப்பட்டது. 1961-ல் தொடங்கப்பட்ட ஐ.டி.பி.எல். நிறுவனத்தின் ஆலைகளுக்கு சோவியத் ஒன்றியம் தொழில்நுட்பம் வழங்கியது. அவற்றோடு 1970-ம் ஆண்டின் காப்புரிமைச் சட்டமும் சேர்ந்துதான் மருந்தை ஏழைகளின் கைக்கு எட்டச் செய்தன. 2016-ல் ஐ.டி.பி.எல்.-ஐ மூடவும் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸை விற்கவும் மோடி அமைச்சரவை முடிவெடுத்தது.

இன்று ஒன்றிய அரசு ஆர்வத்தோடு ஒத்துழைப்பது பன்னாட்டு மருந்து நிறுவனங்களோடுதான். 2025 ஜூலையில் பிரிட்டனுடன் கையெழுத்தான வர்த்தக ஒப்பந்தம், மருந்து கிடைக்கச் செய்வதற்கு உரிமையாளர் தாமாக வழங்கும் உரிமமே உகந்த வழி என்று எழுதி வைத்திருக்கிறது. 2012-ல் சோரஃபெனிப் என்ற புற்றுநோய் மருந்துக்குக் கட்டாய உரிமம் வழங்கப்பட்டபோது, மாதத்திற்கு ரூ.2.8 லட்சமாக இருந்த விலை ரூ.8,880 ஆகச் சரிந்தது. அதற்குப் பின் இன்னொரு கட்டாய உரிமம் வழங்கப்படவே இல்லை. 2005-ல் இடதுசாரிக் கட்சிகள் நாடாளுமன்றத்தில் போராடிக் காப்பாற்றிய மக்கள் நலப் பாதுகாப்புகள், ஒப்பந்தம் ஒப்பந்தமாக அரிக்கப்படுகின்றன.

உலக சுகாதார நிறுவனமும் குறைகளற்றதல்ல. உறுப்பு நாடுகளின் கட்டாயச் சந்தா அதன் வருவாயில் நெடுங்காலமாக ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. எஞ்சியதில் பெரும்பகுதி பணக்கார நாடுகளும் தனியார் அறக்கட்டளைகளும் நிபந்தனையோடு தருவது. 2025 ஜனவரியில் டிரம்ப் அமெரிக்காவை அதிலிருந்து விலக்க ஆணையிட்டார். அந்த நிறுவனம் தன் செலவுகளைக் கடுமையாக வெட்ட நேர்ந்தது. காம்பியா போன்ற நாடுகளுக்கு எச்சரிக்கை மணி அடிக்கும் அமைப்பு நலிந்தால், முதலில் பலியாவது மூன்றாம் உலகின் குழந்தைகளே. சந்தாவை உயர்த்தி, கொடையாளர்களின் பிடியிலிருந்து அதை விடுவிக்க இந்தியா முன்னிற்க வேண்டும்.

ஏற்றுமதிக்குள்ள அதே பரிசோதனை உள்நாட்டில் விற்கப்படும் ஒவ்வொரு தொகுதி திரவ மருந்துக்கும் கட்டாயமாக்கப்பட வேண்டும். மருந்து ஆய்வாளர் பணியிடங்கள் நிரந்தர ஊழியர்களால் நிரப்பப்பட்டு, மாநில ஆய்வகங்களுக்கு ஒன்றிய அரசு நிதி வழங்க வேண்டும். உரிமம், ஆய்வு, பரிசோதனை முடிவுகள் ஆகிய அனைத்தும் மக்களுக்கும் இறக்குமதி செய்யும் நாடுகளுக்கும் உடனுக்குடன் வெளியிடப்பட வேண்டும். ஜன் விஸ்வாஸ் சலுகை திரும்பப் பெறப்பட வேண்டும். பொதுத்துறை மருந்து நிறுவனங்கள் மீட்டெடுக்கப்பட வேண்டும்.

காம்பியாவின் தாயும் சிந்த்வாராவின் தாயும் ஒரே சுரண்டலுக்குத் தம் குழந்தைகளைப் பறிகொடுத்தவர்கள். அவர்களின் நீதிக்கான குரலை மருத்துவமனை வாசல்களிலிருந்து நாடாளுமன்றம் வரை கொண்டுசெல்வது, தொழிற்சங்கங்களும் மாதர், வாலிபர் அமைப்புகளும் மக்கள் அறிவியல் இயக்கமும் இணைந்து நிறைவேற்ற வேண்டிய உடனடிக் கடமையாகும்.