கல்யாணச் சீட்டு சேமிப்பாகுமா? மாத வருமானத்தில் எவ்வளவு ஒதுக்குவது?

வருமானத்தில் 20 வீதத்தைச் சேமியுங்கள் என்ற அறிவுரை சமூக வலைத்தளங்களில் அடிக்கடி பகிரப்படுகிறது. அமெரிக்காவின் எலிசபெத் வொரன் தன் மகளுடன் சேர்ந்து 2005இல் எழுதிய நூலொன்றால் பிரபலமான கணக்கு இது. அத்தியாவசியத் தேவைக்கு 50, விருப்பங்களுக்கு 30, சேமிப்புக்கும் கடன் அடைப்புக்கும் 20 என்று அது பிரிக்கிறது. அரிசி, கேஸ், மின்கட்டணம், பிள்ளைகளின் டியூஷன் என்று வருமானத்தின் முக்கால்வாசி போய்விடும் நம் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.

இன்னொரு விடயத்தையும் கவனிக்க வேண்டும். தனியார் துறை ஊழியர் ஒருவரின் சம்பளத்தில் 8 வீதமும் முதலாளியின் பங்காக 12 வீதமும் ஊழியர் சேமலாப நிதிக்குச் செல்கின்றன. அதாவது 20 வீதம் ஏற்கனவே சேமிக்கப்படுகிறது. ஆனால் பொதுவாக ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும்தான் அதை முழுமையாகப் பெறலாம். அதனால்தான் 2022 நெருக்கடியில் சேமலாப நிதி இருந்தவர்களும் நகையை அடகு வைக்க நேர்ந்தது. கடைக்காரர்கள், மீனவர்கள், கூலித் தொழிலாளர்களில் பெரும்பாலானோருக்கு அந்த நிதியும் இல்லை.

ஆகவே எத்தனை வீதம் என்பதற்கு முன்னர், அவசரத்தில் கைக்கு எட்டும் பணம் எவ்வளவு இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

நம் சமூகத்தில் சேமிக்கும் பழக்கம் இல்லை என்று சொல்ல முடியாது. பெண்கள் சீட்டுக் கட்டுகிறார்கள், பவுண் வாங்கி வைக்கிறார்கள். கிழக்கில் பெண் பிள்ளை பிறந்ததுமே வீட்டுக்கான கவலையும் தொடங்கிவிடுகிறது. ஆனால் இவற்றில் பெரும்பகுதி மகளின் வீட்டுக்கும் வலீமா விருந்துக்கும் என்று முன்கூட்டியே பெயரிடப்பட்ட பணம். அது பிந்திச் செய்யப்போகும் செலவு. குடும்பத் தலைவர் நோயில் விழுந்தாலோ, கடை வெள்ளத்தில் மூழ்கினாலோ அதில் கைவைக்க யாருக்கும் மனம் வருவதில்லை. கடன்தான் வாங்குகிறோம். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளி மலையகம் முதல் புத்தளம் வரை இதை மீண்டும் நினைவூட்டியது.

ஓர் உதாரணம் பார்ப்போம். மாத வருமானம் 90,000 ரூபா, அத்தியாவசியச் செலவு 70,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். மீதி 20,000. மூன்று மாதச் செலவுக்கான அவசர நிதி என்றால் 210,000 ரூபா தேவை. கல்யாணச் சீட்டுக்கு 15,000 கட்டி, மீதி 5,000 ஐ அவசர நிதிக்குப் போட்டால் அதைச் சேர்க்க 42 மாதங்கள் ஆகும். இரண்டுக்கும் 10,000 வீதம் பிரித்தால் 21 மாதங்களில் முடிந்துவிடும். அதன் பிறகு முழு மீதியையும் கல்யாணத்துக்கு ஒதுக்கலாம். வருமானம் கூடவில்லை, வரிசைதான் மாறியது.

எல்லோருக்கும் ஒரே அளவு பொருந்தாது. அம்பாறை விவசாயிக்குப் பணம் வருவது பெரும்போக, சிறுபோக அறுவடையில்தான். நெல் விற்ற அன்றே அடுத்த அறுவடை வரையான வீட்டுச் செலவை ஒதுக்க வேண்டும். நாட்கூலிக்காரர் மாதக் கணக்கை விட்டு, வேலை கிடைத்த நாளில் 100 ரூபாவாவது எடுத்து வைக்கலாம். வளைகுடாவிலிருந்து பணம் வரும் குடும்பம் அந்த வருமானம் ஒருநாள் நிற்கும் என்பதை நினைத்து, மற்றவர்களைவிடக் கூடுதலாக ஒதுக்க வேண்டும்.

வட்டிக்கு அஞ்சிப் பணத்தை அலுமாரியில் வைப்பவர்களும் பலர். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதமாக உயர்ந்தது. ஒரு வருடத்துக்கு முன் ஒரு இலட்சத்துக்கு வாங்கிய பொருட்களுக்கு ஏறத்தாழ 170,000 ரூபா தேவைப்பட்டது. நிஸாபை அடைந்து ஒரு வருடம் கடந்தால் ஸகாத்தும் கடமை. அமானா வங்கியிலும் சில வர்த்தக வங்கிகளின் இஸ்லாமியப் பிரிவுகளிலும் இலாபப் பங்கீட்டு அடிப்படையிலான முழாரபா கணக்குகள் உள்ளன. அவசர நிதியைத் தேவையான நேரத்தில் எடுக்கக்கூடிய கணக்கில் வைப்பதும், நீண்ட காலச் சேமிப்பில் ஒரு பகுதியைத் தங்கமாக வைப்பதும் நல்லது. தங்கத்தின் விலையும் ஏறி இறங்கும் என்பதால் எல்லாவற்றையும் அதில் போடக் கூடாது.

இவற்றை ஒரு குடும்பம் தனியாகச் செய்துகொள்ளலாம். கல்யாணச் செலவைத் தனியாகக் குறைப்பதுதான் கடினம். பக்கத்து வீட்டார் வீடு கொடுத்து, ஐந்நூறு பேருக்கு விருந்து வைத்தால் நாமும் செய்ய வேண்டியிருக்கிறது. எளிய நிகாஹ் பற்றி ஜும்ஆவில் கேட்டுவிட்டு வந்து மண்டபம் பதிவு செய்கிறோம். பள்ளிவாசல் நிர்வாகங்களும் ஊரின் வசதி படைத்தவர்களும் முதலில் தங்கள் வீட்டுக் கல்யாணங்களில் செலவைக் குறைத்துக் காட்ட வேண்டும். அப்படி நடந்தால் சாதாரண குடும்பம் ஒன்றுக்கும் மாதம் சில ஆயிரங்களைத் தன் அவசரத்துக்கு ஒதுக்கத் துணிவு வரும்.