பிறந்த குழந்தையைத் தொடும் முன்





சென்ற மாதம் ஓர் இரவு, இஷா தொழுகை முடிந்து வீட்டுப் படியேறும்போது தொலைபேசி ஒலித்தது. பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் மதரஸாவில் ஓதிய மாணவர் பேசினார். அவருக்கு அன்று லுஹருக்குப் பின் முதல் குழந்தை பிறந்திருந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "ஹஜ்ரத், ஐந்து வேளைப் பாங்கும் பிள்ளையின் காதில் விழுந்த பிறகுதான் பால் கொடுக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். மூன்று பாங்கு ஆகிவிட்டது. இன்னும் இரண்டு பாக்கி. பிள்ளை அழுதுகொண்டே இருக்கிறது. என்ன செய்வது?"

லுஹருக்குப் பின் பிறந்த குழந்தை, இஷா வரை ஒரு துளி தாய்ப்பாலும் அருந்தவில்லை. அதுவும் மார்க்கத்தின் பெயரால்! "இப்போதே கொடுக்கச் சொல்லுங்கள், பேச்சைப் பிறகு வைத்துக்கொள்வோம்" என்று கூறி அழைப்பைத் துண்டித்தேன். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

இது ஏதோ ஒரு வீட்டில் மட்டும் நடப்பதன்று. 2016ஆம் ஆண்டு நவம்பரில் கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டம் முக்கத்தில், இதே போன்று ஐந்து பாங்கு முடியும் வரை குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுக்கக் கூடாது என்று ஒரு தந்தை பிடிவாதம் பிடித்தார். மருத்துவர்களும் செவிலியர்களும் மன்றாடியும் அவர் கேட்கவில்லை. காவல்துறை வழக்குப் பதியும் அளவுக்குச் சென்ற அச்செய்தி நாடு முழுவதும் பேசப்பட்டது. அதைப் படித்தவர்கள் அந்தத் தந்தையைக் குறை கூறியதோடு நிற்கவில்லை. இஸ்லாத்தையே குறை கூறினார்கள்.

மார்க்கம் இதில் என்ன சொல்கிறது? ரமளான் நோன்பு நம் மீது கடமையானது. ஆயினும், பாலூட்டும் தாய் தன் குழந்தைக்காக அஞ்சினால் அந்தக் கடமையான நோன்பையே விட்டுவிட ஷரீஅத் அனுமதிக்கிறது. குழந்தையின் பாலுக்காகத் தாயின் நோன்பையே தளர்த்திய மார்க்கம், அந்தக் குழந்தையையே ஒரு நாள் முழுவதும் பட்டினி போடச் சொல்லுமா? தன் குற்றத்தைத் தாமே வந்து ஒப்புக்கொண்ட ஃகாமிதிய்யா குலத்துப் பெண்மணியின் தண்டனையை, அவர் ஈன்ற குழந்தை பால்குடி மறக்கும் வரை நபி (ஸல்) அவர்கள் ஒத்தி வைத்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது. அல்லாஹ் விதித்த தண்டனையே குழந்தையின் பாலுக்காகக் காத்திருந்தது. பாங்குக்காகப் பால் காத்திருக்க வேண்டும் என்பதற்குக் குர்ஆனிலோ ஹதீஸிலோ ஆதாரம் இல்லை. குழந்தையின் காதில் பாங்கு சொல்லுங்கள். அதற்கு இரண்டு நிமிடம் போதும். அதன் பிறகு தாயின் மடியில் கொடுத்துவிடுங்கள். பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் தொடங்கப்பட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. முதலில் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பாலை "கெட்டுப்போன பால்" என்று பீய்ச்சிக் கீழே கொட்டும் வீடுகள் இன்றும் உள்ளன. நோய் எதிர்ப்பு ஆற்றல் செறிந்த அந்தப் பால் குழந்தைக்கு அல்லாஹ் அனுப்பிய முதல் ரிஸ்க்.

பாங்கு சொல்லும் முன் குழந்தையைக் குளிப்பாட்டியே ஆக வேண்டும் என்று அவசரப்படுவோரும் உண்டு. அப்படி ஒரு கட்டாயம் மார்க்கத்தில் இல்லை. மெல்லிய துணியால் துடைத்து, உலர வைத்து, தாயின் மார்போடு அணைத்து வைப்பதே முதல் நாளுக்கான பராமரிப்பு. முதல் குளியலை இருபத்து நான்கு மணி நேரமாவது தள்ளிவைக்க மருத்துவர்கள் சொல்கிறார்கள். கருவறையின் வெம்மையிலிருந்து வந்த உடல் விரைவில் குளிர்ந்துவிடும்; தோலில் படிந்திருக்கும் வெண்மையான மாவு போன்ற பூச்சும் அதற்கொரு காப்பு.

இனி தஹ்னீக். இதைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும். ஏனெனில் இங்கே ஸுன்னத்தும் வழக்கமும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. அஸ்மா (ரலி) அவர்கள் ஹிஜ்ரத் செய்து வந்து குபாவில் அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி) அவர்களை ஈன்றெடுத்தபோது, நபி (ஸல்) அவர்கள் பேரீச்சம்பழத்தை மென்று அக்குழந்தையின் வாயில் தடவிப் பிரார்த்தித்தார்கள். இதனை நாம் அனைவரும் அறிவோம். ஆனால் நம் வீடுகளில் நடப்பது என்ன? பேரீச்சம்பழம் போய்த் தேன் வந்துவிட்டது. தேன் போய்ச் சர்க்கரைத் தண்ணீர் வந்துவிட்டது. ஒருவர் தடவினால் போதாதென்று, ஊரில் மதிப்புள்ள நான்கு பேர் வரிசையாக விரலை விடுகிறார்கள். ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமியின் வித்து, பெரியவர்களின் குடலில் ஒன்றும் செய்யாது. பச்சிளம் குடலில் அது முளைத்து நஞ்சை உண்டாக்கித் தசைகளைச் செயலிழக்கச் செய்துவிடும். தேனில் நிவாரணம் உண்டு என்று குர்ஆன் கூறுகிறதே என்று சிலர் கேட்பர். நிவாரணம் உண்டுதான். ஆனால் எந்த மருந்தும் எல்லா வயதினருக்கும் உரியதன்று.

பிறர் வாயில் மென்றதைக் குழந்தைக்குக் கொடுப்பது பற்றியும் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். நபி (ஸல்) அவர்களின் உமிழ்நீரில் பரக்கத் இருந்தது. வெற்றிலை மெல்லும் நம் வாயிலும், வாய்ப்புண்ணும் சளியும் உள்ள வாயிலும் அதை எதிர்பார்ப்பது சரியாகுமா? தஹ்னீக் செய்ய விரும்பும் தாயோ தந்தையோ சோப்பிட்டுக் கைகழுவி, சுத்தமாகக் கழுவிய பேரீச்சம்பழத்தை விரலால் நசுக்கி, விரல் நுனியில் ஒட்டுமளவு மட்டும் மேலண்ணத்தில் தடவலாம். குறைமாதத்திலோ நோயோடோ பிறந்த குழந்தையாயின் மருத்துவரைக் கேட்காமல் அதையும் செய்ய வேண்டா. அது கட்டாயக் கடமையன்று. அதன் பின் ஆறு மாதம் வரை தாய்ப்பாலன்றித் தண்ணீரும் தேவையில்லை. வசம்பும், உரை மருந்தும், தெருவில் கூவி விற்கும் கழுதைப்பாலும் வேண்டவே வேண்டா.

இவ்வாறெல்லாம் எழுதும் எனக்கு ஒரு தகுதியும் இல்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். என் மூத்த மகள் பிறந்தபோது, வீட்டுப் பெரியவர் ஒருவர் தொப்புள் கொடி சீக்கிரம் உலர வேண்டுமென்று துணியைச் சுட்ட சாம்பலை எண்ணெயில் குழைத்துத் தடவினார். நான் அருகில்தான் நின்றேன். காலையில்தான் மாணவர்களுக்குத் தஹாரத் பாடம் நடத்திவிட்டு வந்திருந்தேன். எந்தத் தண்ணீர் சுத்தம், எந்தப் பாத்திரத்தை எத்தனை முறை கழுவ வேண்டும் என்று ஒப்பித்துக் கேட்டுவிட்டு வந்தவன், அந்தச் சாம்பலைப் பார்த்தும் வாய் திறக்கவில்லை. ஆறாம் நாள் தொப்புளைச் சுற்றிச் சிவந்து, சீழ் வாடை வீசியது. பத்து நாள் மருத்துவமனையில் கிடந்தோம். "இதைத் தடவியது யார்?" என்று மருத்துவர் கேட்டபோது நான் தலை குனிந்து நின்றேன். அல்லாஹ் என் மகளைக் காப்பாற்றினான். எல்லாக் குழந்தைகளும் அப்படிப் பிழைப்பதில்லை.

தொப்புள் கொடியில் எதையும் தடவக் கூடாது. சாம்பல், மஞ்சள், எண்ணெய், பவுடர் எதுவும் ஆகாது. சுத்தமாகவும் ஈரமின்றியும் வைத்தால் ஓரிரு வாரத்தில் தானே உதிர்ந்துவிடும். உதிரும் வரை குழந்தையை ஈரத்துணியால் துடைத்தால் போதும். குளிப்பாட்டத் தொடங்கிய பின்னும், காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடுவது, வாயால் ஊதுவது, தொண்டையில் விரல்விட்டுச் சளி எடுப்பது, மார்க்காம்பைப் பிதுக்குவது ஆகியவை குழந்தைக்கு இழைக்கும் துன்பங்களே. குளித்தபின் போடும் சாம்பிராணிப் புகை நமக்கு மணக்கலாம். குழந்தையின் சிறு நுரையீரலுக்கு அது வெறும் புகை. சுர்மா இடுவது ஸுன்னத் என்பர். கடைகளில் கிடைக்கும் சுர்மாக்கள் பலவற்றில் ஈயம் கலந்துள்ளது. பிறந்த குழந்தையின் கண்ணுக்கு எந்தச் சுர்மாவும் தேவையில்லை.

"நம் முன்னோர் செய்ததுதானே, விட்டுவிடலாமா?" என்பதே இவற்றுக்கெல்லாம் வரும் ஒரே பதில். ஓர் உண்மையை நினைவூட்டுகிறேன். அறியாமைக் காலத்து அரபிகள் குழந்தைக்காக ஆட்டை அறுத்து, அதன் இரத்தத்தைக் குழந்தையின் தலையிலேயே பூசினார்கள். இஸ்லாம் வந்தபின் அறுத்தல் நிலைத்தது. இரத்தம் பூசுவது நின்றது. அதற்குப் பதிலாகக் குங்குமப்பூவைப் பூசியதாக ஸஹாபாக்கள் கூறுவது அபூதாவூதில் பதிவாகியுள்ளது. அகீகா பற்றிய புகாரியின் அறிவிப்பிலும், குழந்தையிடமிருந்து தொல்லை தருவதை அகற்றுமாறு கட்டளை உள்ளது. பிறந்த குழந்தையின் மீது பூசப்பட்ட அசுத்தத்தை, அது முன்னோர் வழக்கமாக இருந்தபோதும், அகற்றியதுதான் நபிவழி. ஏழாம் நாள் முடி இறக்குபவரிடம் புதிய பிளேடு கேட்க வெட்கப்படுவோர் இதனை எண்ணிப் பார்க்கட்டும்.

கை கழுவும் விஷயத்திற்கு வருவோம். தூங்கி எழுந்தவர் மூன்று முறை கையைக் கழுவாமல் தண்ணீர்ப் பாத்திரத்தில் இட வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். இரவில் கை எங்கே பட்டது என்பதை அவர் அறியமாட்டார் என்பதே காரணம். பாத்திரத்துத் தண்ணீருக்கே இவ்வளவு பேணுதல் என்றால், பேருந்துக் கம்பியையும் ரூபாய்த் தாளையும் கைப்பேசியையும் தொட்ட கையோடு பிள்ளை பார்க்க வந்து கன்னத்தைக் கிள்ளலாமா? உளூச் செய்தேன் என்பது போதாது, சோப்பு வேண்டும். நகம் வெட்டுவதில் நாற்பது நாளைக் கடக்கக் கூடாது என்பது பொதுவான எல்லை. குழந்தையைத் தூக்குபவர் வாரந்தோறும் வெட்டட்டும். குழந்தையை முத்தமிடுவது ரஹ்மத்தின் அடையாளம்தான். பேரர் ஹஸன் (ரலி) அவர்களை நபியவர்கள் முத்தமிட்டதை நான் மறக்கவில்லை. ஆனால் பெற்றோரின் முத்தம் வேறு, பார்க்க வந்த இருபது பேரின் முத்தம் வேறு. இருமலும் சளியும் உள்ளவர் வாசலிலேயே துஆச் செய்துவிட்டுத் திரும்பினால் அதுவே அவர் கொண்டுவந்த நல்ல பரிசு. வீட்டுப் பெண்கள் இதைச் சொல்ல இயலாது. மருமகள் சொன்னால் பெரும் பழி வந்து சேரும். ஆகவே வாசலில் நின்று சொல்ல வேண்டியவர் குழந்தையின் தந்தையே.

சிறுநீர் பற்றி இளம் தாய்மார்கள் மிகுதியாகக் கேட்கின்றனர். பால் தவிர வேறு உணவு உண்ணாத ஆண் குழந்தையின் சிறுநீர் பட்ட ஆடையில் தண்ணீர் தெளித்தால் போதும் என்பது ஷாஃபிஈ மத்ஹப். உம்மு கைஸ் (ரலி) அவர்களின் குழந்தை நபியவர்களின் ஆடையில் சிறுநீர் கழித்த நிகழ்வு இதற்கு ஆதாரம். பெண் குழந்தையுடையதைக் கழுவ வேண்டும். ஹனஃபி மத்ஹபில் இரண்டையும் கழுவ வேண்டும். மலம் யாருடையதாயினும் கழுவியே ஆக வேண்டும். ஆடை நஜீஸாகிவிட்டதென்று தொழுகையை விட்டுவிடும் சகோதரிகளே, தொழுகைக்கென ஓர் ஆடையைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: தெளித்தல் என்பது ஆடை பற்றிய சட்டம், குழந்தையின் தோலைப் பற்றியதன்று. குழந்தையைத் தண்ணீரால் கழுவி, ஒற்றி உலர்த்தாவிட்டால் தொடையிடுக்கு புண்ணாகும். பெண் குழந்தையை எப்போதும் முன்னிருந்து பின்னோக்கியே துடைக்க வேண்டும்.

குழந்தை பால் குடிக்க மறுத்தால், உடல் சுட்டால் அல்லது சில்லிட்டால், மூச்சு வாங்கினால், வலிப்பு வந்தால், உள்ளங்காலும் மஞ்சளித்தால் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். "கண்ணேறு, ஓதிப் பார்த்துவிட்டுப் போகலாம்" என்று கூறி என்னிடம் கொண்டுவராதீர்கள். போகும் வழியில் நீங்களே ஓதுங்கள். ஓதுவதற்கு என் வாய்தான் வேண்டும் என்பதில்லை. கையில் கறுப்புக் கயிற்றையும் கழுத்தில் தாயத்தையும் கட்டாதீர்கள். ஈமானுக்கும் கேடு, ஈரம் தங்கித் தோலுக்கும் கேடு.

மறுநாள் சுப்ஹுக்குப் பின் அந்த மாணவர் மீண்டும் அழைத்தார். இரவே பால் கொடுத்துவிட்டதாகவும், குழந்தை குடித்துவிட்டு நன்றாகத் தூங்கியதாகவும் சொன்னார். பின்னால் அவருடைய நன்னியின் குரல் கேட்டது. என்னிடம் கேட்கச் சொல்லி ஏதோ கூறிக்கொண்டிருந்தார். நாற்பது நாள் கழியும் வரை பிள்ளை பெற்றவள் தீட்டுடையவள், தட்டும் பாயும் தனி, தலைக்குக் குளிக்கவும் கூடாது, தண்ணீரும் குறைவாகத்தான் குடிக்க வேண்டும்; இது சரிதானே என்பது கேள்வி. நிஃபாஸ் தொழுகையையும் நோன்பையும் தடுக்குமே தவிர, குளிப்பதையும் ஒரே தட்டில் உண்பதையும் தடுக்காது. மாதவிடாய் வேளையில் ஆயிஷா (ரலி) அவர்கள் கடித்த எலும்பை வாங்கி, அவர்கள் வாய் வைத்த இடத்திலேயே நபியவர்கள் வாய் வைத்து உண்டார்கள். இரத்தம் இருபதாம் நாளில் நின்றால் அன்றே குளித்துத் தொழ வேண்டும். பால் சுரக்கும் தாய் தாகம் தீரத் தண்ணீர் குடிக்க வேண்டும். இவற்றை நன்னிக்கே நேரில் சொல்வதாகக் கூறினேன். வரும்போது கையைக் கழுவிவிட்டுத்தான் பிள்ளையைத் தொடுவேன் என்றேன். மறுமுனையில் மாணவர் சிரித்தார்.