காட்டேரியின் மதம் எது?

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி தூக்கும் இளந்தோழர் ஒருவர் சென்ற வாரம் நம்மிடம் வந்து ஒரு குறை சொன்னார். இரத்தக் காட்டேரிப் படங்கள் நாலைந்தைத் தொடர்ந்தாற்போல் கைபேசியில் பார்த்தாராம். "பேயைப் பார்த்தா பயமே வரலண்ணே, சிரிப்புதான் வருது. பல்லு பிளாஸ்டிக்கு, வௌவாலு குடைத் துணி. துட்டு இல்லாதவன் எதுக்குண்ணே பேய்ப் படம் எடுக்கறான்?" என்று கேட்டார்.

அவர் ஏமாந்தது நியாயமே. ஆனால் அவர் சொன்ன காரணம் சரியல்ல என்பதே நம் அபிப்பிராயம். பல் பிளாஸ்டிக்காக இருப்பது ஒரு குற்றமல்ல. பணமில்லாமை குற்றமென்றால் நம்மில் பாதிப் பேருக்கு மேல் குற்றவாளிகளாகி விடுவோம். இப்படங்களில் மலிவாயிருப்பது பல் அல்ல, புத்தி. அதைத்தான் இன்று எடுத்துக் காட்ட விரும்புகிறோம்.

முதலில் பணத்தின் சங்கதியைத் தீர்த்து விடுவோம். 1922 இல் ஜெர்மனியில் முர்னோ என்பவர் 'நோஸ்ஃபெராட்டு' என்னும் பேசாத படத்தை எடுத்தார். எடுத்த கம்பெனியோ கதைக்கு உரிமைப் பணம் கொடுக்கவில்லை. கதையை எழுதிய பிராம் ஸ்டோக்கரின் மனைவி கோர்ட்டுக்குப் போனார். 1925 இல் படச்சுருள்களையெல்லாம் அழித்துவிட வேண்டுமென்று தீர்ப்பாயிற்று. கம்பெனியும் அதற்கு முன்பே திவாலாகிவிட்டது. அப்படியும் தப்பிப் பிழைத்த சில சுருள்களால் அப்படம் நூறாண்டு கழித்தும் உலகத்தாரால் பார்க்கப்படுகிறது. மெய்யான தெருக்களும், ஒரு பழங்கோட்டையும், சுவரில் ஏறும் ஒரு நிழலும் போதுமானவையாயிருந்தன. ஆகவே, "முதல் இல்லை, அதனால்தான் படம் மோசம்" என்பது படமுதலாளிகளின் சால்ஜாப்பே தவிர வேறில்லை.

நிற்க, மூலக்கதையில் என்னதான் இருக்கிறது? ஸ்டோக்கர் 'டிராகுலா' என்ற நாவலை 1897 இல் வெளியிட்டார். அதில் சிலுவையும் உண்டு, பூண்டும் உண்டு, பாதிரிமாரின் நைவேத்திய அப்பமும் உண்டு. அவற்றை நாம் ஒளிக்கவில்லை. ஆனால் அந்தக் கதையில் காட்டேரிப் பிரபுவைப் பிடிப்பது யார்? குருக்களா, பாதிரியா? இல்லை. மீனா என்னும் ஒரு பெண், எல்லாருடைய நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் தந்திகளையும் தட்டச்சுப் பொறியில் அடித்து, தேதிவாரியாக அடுக்கி வைக்கிறாள். ஒரு டாக்டர் தான் கண்டவற்றை ஒலிப்பதிவுப் பொறியில் பேசி வைக்கிறார். இரயில் வண்டிகளின் நேர அட்டவணை அந்தப் பெண்ணுக்கு மனப்பாடம். எதிரி எந்தக் கப்பலில் போகிறான், எந்தத் துறைமுகத்தில் இறங்குவான், எந்த இரயிலேறினால் அவனுக்கு முன்னே போய்ச் சேரலாம் என்று கணக்குப் போட்டே அவனை மடக்குகிறார்கள். இறுதியில் அவன் சாவதும் சிலுவையாலல்ல, இரண்டு கத்திகளால். அவற்றுள் ஒன்று நம் பக்கத்து நேபாளத்துக் கூர்க்காக்களின் குக்ரிக் கத்தி!

கப்பல் வரவும் சரக்குக் கணக்கும் இரயில் நேரமும் நம் வட சென்னைவாசிகளுக்குத் தெரியாதவையா? தென்னாட்டின் முதல் இரயில் 1856 இல் நம் ராயபுரம் ஸ்டேஷனிலிருந்துதான் புறப்பட்டது. துறைமுகத்து எழுத்தரும் இரயில்வேத் தொழிலாளியும் ஆஸ்பத்திரித் தாதியும் வாழுகிற இந்தப் பேட்டைகளில், அக்கதையின் பாதி மனிதர்கள் தினந்தோறும் நடமாடுகிறார்கள். ஆனால் நம் நாட்டுப் படங்களில் அவர்களைக் காண முடிகிறதா? தட்டச்சுப் பெண் போய்விட்டாள், அட்டவணை போய்விட்டது, கணக்கும் போய்விட்டது. மிஞ்சியது மந்திரவாதி மாத்திரமே. அறிவுப் பாதியை வெட்டி எறிந்துவிட்டு, பூசாரிப் பாதியை மட்டும் பத்திரமாய் இறக்குமதி செய்திருக்கிறார்கள்.

இதில் இன்னொரு வேடிக்கையைப் பாருங்கள். 1958 இல் இங்கிலாந்தில் எடுத்த டிராகுலாப் படத்தில் இரண்டு மெழுகுவத்தித் தண்டுகளைக் குறுக்காகப் பிடித்துச் சிலுவையாக்கியதும் காட்டேரி நடுங்குகிறது. 1953 இல் துருக்கியில் எடுத்த 'இஸ்தான்புல்லில் டிராகுலா' படத்திலோ சிலுவையே கிடையாது, பூண்டே போதுமாயிருக்கிறது. 1984 இல் பம்பாயில் ராம்சே சகோதரர்கள் எடுத்த 'புரானா மந்திர்' படத்தில் காட்டேரிக்கு ஒன்றுவிட்ட தம்பியான ஓர் அசுரனின் தலையைப் பெட்டியில் பூட்டி, சிவனுடைய சூலத்தைக் காவல் வைக்கிறார்கள்.

நாம் கேட்கிறோம்: இங்கிலாந்தில் சிலுவைக்கும், துருக்கியில் பூண்டுக்கும், பம்பாயில் சூலத்துக்கும் பயப்படுகிற இந்தப் பேயின் மதம் என்ன? கப்பலிறங்கிச் சுங்கச்சாவடியைத் தாண்டும்போதே மதம் மாறிக்கொள்கிறதா? கிறிஸ்தவர் கொட்டகையில் கிறிஸ்தவப் பேயாகவும், இந்துக்கள் கொட்டகையில் இந்துப் பேயாகவும் இருக்குமானால், அது டிக்கட் வாங்குகிறவனின் மதத்தைப் பார்த்துச் செய்யப்பட்ட பேய் என்பது குழந்தைக்கும் விளங்காதா? பேய் கூட வாடிக்கைக்காரனின் நெற்றியைப் பார்த்துத்தான் நடுங்குகிறது!

அன்றியும், சாஸ்திரம் பிறக்கிற விதத்தையும் இதிலேயே கண்டுகொள்ளலாம். "சூரிய வெளிச்சம் பட்டால் காட்டேரி செத்துப்போகும்" என்பது ஆதிகாலத்து ஐதீகமென்று பலர் எண்ணியிருக்கிறார்கள். ஸ்டோக்கரின் நாவலில் டிராகுலா பட்டப்பகலில் லண்டன் தெருவில் நடமாடுகிறான். பகலில் அவனுடைய மந்திர சக்தி குறையுமே தவிர உயிர் போகாது. வெயில் பட்டுச் சாகிற கட்டத்தைப் புதிதாக நுழைத்தது மேற்சொன்ன 1922ஆம் வருஷத்துத் திவாலான கம்பெனிப் படமே. நூறே ஆண்டுகளில், எழுதியவன் பெயர் தெரிந்திருந்தும், அச்சிட்ட தேதி தெரிந்திருந்தும், ஒரு சினிமாத் தந்திரம் உலகமெங்கும் ஐதீகமாகிவிட்டது. அப்படியானால் எழுதியவனும் தெரியாமல், தேதியும் தெரியாமல் நம் தலையில் கட்டப்பட்டிருக்கும் ஐதீகங்களின் யோக்கியதை என்ன என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ராம்சே குடும்பத்தாரின் உழைப்பை நாம் இகழவில்லை. கராச்சியில் ரேடியோக் கடை வைத்திருந்து, பிரிவினையால் பம்பாய்க்கு வந்த ஒருவரின் ஏழு பிள்ளைகள், காமிராவையும் ஒலிப்பதிவையும் கத்தரிப்பையும் தாங்களே கற்றுக்கொண்டு குறைந்த முதலில் படமெடுத்தார்கள். அது மெச்சத்தக்கதே. ஆனால் அந்த உழைப்பு எதற்குப் பயன்பட்டது? 'புரானா மந்திர்' கதையில் அசுரனின் சாபத்தால் அந்த ராஜ வம்சத்துப் பெண்களெல்லாம் பிரசவத்தில் சாகிறார்களாம். 1990 இல் வந்த 'பந்த் தர்வாஸா' என்னும் இரத்தக் காட்டேரிப் படத்தில், பிள்ளையில்லாத ஒருத்தி காட்டேரியிடம் போய் வரம் கேட்கிறாள். ஆண் பிறந்தால் அவள் வைத்துக்கொள்ளலாம், பெண் பிறந்தால் காட்டேரிக் கூட்டத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்பது நிபந்தனை. காட்டேரிக்கும் பெண் குழந்தைதான் இளப்பம்! பிரசவத்தில் பெண்கள் சாவது இரத்தப் போக்காலும், சீழ்க் கிருமியாலும், வலிப்பாலும், சமயத்தில் வைத்தியம் கிடைக்காததாலுமே. ராயபுரத்துப் பிரசவ ஆஸ்பத்திரிக்கு உங்கள் பெண்டுபிள்ளைகளை நேரத்தில் கொண்டு சேர்த்தால் அந்தச் சாபம் பெரும்பாலும் பலிக்காது.

"இவையெல்லாம் இந்திப் படங்கள்" என்று சமாதானம் சொல்லவும் வழியில்லை. 2013 இல் வினயன் என்பவர் மலையாளத்தில் எடுத்த டிராகுலாப் படம் 'நான்காம் பிறை' என்ற பெயரில் தமிழ் பேசிக்கொண்டு நம் ஊருக்கும் வந்தது. அதில் ஒருவன் ருமேனியாவின் பிரான் கோட்டைக்குப் போய், மந்திர வித்தை செய்து டிராகுலாவின் ஆவியை எழுப்புகிறான். ஸ்டோக்கரோ தம் ஆயுளில் அந்த நாட்டுக்கே போனதில்லை. நூலக அறையில் உட்கார்ந்து புஸ்தகங்களைப் படித்து எழுதினார். ஸ்தல புராணம் மட்டும் அங்கேயும் தயார்!

பாகிஸ்தானையும் விட்டுவிடக் கூடாது. 1967 இல் லாகூரில் எடுத்த 'ஜிந்தா லாஷ்' படத்தில் ஒரு பேராசிரியர் சாகா மருந்து கண்டுபிடிக்க ரசாயன ஆராய்ச்சி செய்கிறார். அதைக் குடித்துக் காட்டேரியாகிறார். அதாவது, இங்கே காட்டேரியை விரட்டுகிறவன் பூசாரி. அங்கே காட்டேரியாகிறவன் விஞ்ஞானி. எல்லையின் இருபுறத்திலும் அறிவுக்குத்தான் உதை.

"இது வெறும் பொழுதுபோக்கு, யார் இதை நம்பப் போகிறார்கள்?" என்று சில படித்த கனவான்கள் கேட்பார்கள். நம்பியதன் விலையைச் சொல்லுகிறோம், கேளுங்கள்.

ஐரோப்பாவில் ஜனங்கள் பிணங்களைத் தோண்டியெடுத்து நெஞ்சில் கழுமரம் அடித்தார்கள். பிணம் உப்பியிருந்ததாம், வாயில் இரத்தம் வழிந்ததாம், நகம் வளர்ந்திருந்ததாம். புதைத்த உடல் உள்ளே அழுகும்போது வாயு சேர்ந்து உப்பும், செந்நீர் வாய் வழியே வரும், தோல் சுருங்குவதால் நகம் நீண்டதுபோல் தோன்றும் என்பது இன்று வைத்திய மாணவனுக்குத் தெரியும். 1755 இல் ஆஸ்திரிய மகாராணி மரியா தெரேசா, தம் வைத்தியர் வான் ஸ்வீட்டனைக் கொண்டு விசாரித்து, இது மூடத்தனமே என்று கண்டு, பிணம் தோண்டுவதைத் தடுத்தார்.

அதற்குப் பிறகும் பேய் போகவில்லை. 1882 இல் ராபர்ட் காக் க்ஷயரோகத்தின் கிருமியைக் கண்டுபிடித்து உலகுக்கு அறிவித்தார். பத்து ஆண்டு கழித்து, 1892 இல், நாகரிக அமெரிக்காவின் ரோட் ஐலந்தில், க்ஷயத்தால் செத்த மெர்சி பிரவுன் என்ற 19 வயதுப் பெண்ணின் பிணத்தை எடுத்து, அவள்தான் அண்ணனின் உயிரை உறிஞ்சுகிறாளென்று இருதயத்தைக் கொளுத்தி, அந்தச் சாம்பலைக் கரைத்து அண்ணனுக்குக் கொடுத்தார்கள். அவன் சில வாரங்களில் செத்தான். கிருமி பிடிபட்டுப் பத்து வருஷம்! அந்தச் செய்தி பிடிபடவில்லை.

அமெரிக்கா கிடக்கட்டும். திருவொற்றியூரில் நாம் நன்கு அறிந்த ஒரு தாய், இருமலில் இரத்தம் கண்டபோது, காட்டேரி அறைந்தது என்று சொல்லிக் கோடங்கியிடம் கூட்டிப்போனார்கள். கயிறு கட்டினார்கள், கோழி அறுத்தார்கள், நாலு மாதம் போயிற்று. பிறகு அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக, ஆறு மாத மருந்தில், காசு வாங்காமல் கொடுத்த மருந்தில், பிழைத்தாள். ஆனால் அந்த நாலு மாதத்தில் அவளோடு ஒரே பாயில் படுத்திருந்த மகளுக்கும் அந்த வியாதி ஒட்டிவிட்டது. கோடங்கி அதற்குப் பொறுப்பேற்றானா? வாங்கிய கோழியைத் திருப்பிக் கொடுத்தானா?

2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில், கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. நள்ளிரவில் கண் எரிந்து, மூச்சடைத்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மக்கள் தெருவில் ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். பேய் வரும் நேரமென்று சொல்லப்படும் அதே நள்ளிரவுதான். வந்தது பேயல்ல, வாயு. அதை வாயு என்று தெரிந்துகொண்டதால்தான் ஜனங்கள் மறுநாள் காலையில் ஆலை வாசலில் நின்று நியாயம் கேட்டார்கள். பேய் என்றிருந்தால் வேப்பிலை கட்டிக்கொண்டு வீட்டுக்குள் இருந்திருப்பார்கள். பேயை நம்புகிறவன் எந்த முதலாளியையும் கேள்வி கேட்க மாட்டான். இதுவே இப்படங்களால் வரும் கேடு.

ஆகையால் இப்படங்களைத் தடை செய்ய வேண்டுமென்று நாம் கேட்கவில்லை. தடையால் புத்தி வளராது. கதையைச் சொல்லட்டும், முழுதாகச் சொல்லட்டும் என்கிறோம். நாவலில் லூசி என்னும் பெண்ணைப் பிழைக்க வைக்க நான்கு ஆண்கள் தங்கள் இரத்தத்தைக் கொடுக்கிறார்கள். ஒருவன் பிரபு வீட்டுப் பிள்ளை, இருவர் டாக்டர்கள், ஒருவன் அமெரிக்கன். இரத்தப் பிரிவுகளை லாண்ட்ஸ்டைனர் வெளியிட்டது 1901 இல். ஆதலால் பிரிவு பார்த்துச் செலுத்த ஸ்டோக்கருக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். இன்று இரத்த வங்கியின் பையில் ஏ, பி, ஓ என்று எழுதியிருக்கிறது, ஜாதி எழுதியிருக்கிறதா? காட்டேரிக்கும் இரத்தத்தில் ஜாதி தெரியவில்லை, டாக்டருக்கும் தெரியவில்லை, புரோகிதனுக்கு மாத்திரம் தெரிகிறதாம்! இதை ஒரு காட்சியாக எடுக்க எத்தனை லட்சம் வேண்டும்? ஒரு கட்டிலும், ஒரு பையும், ஒரு ரப்பர்க் குழாயும் போதாவா?

படமெடுக்கும் தோழர்களே! முதல் குறைவென்று அழ வேண்டாம். ராயபுரம் ஸ்டேஷன் இருக்கிறது, ஒரு பழைய தட்டச்சுப் பொறி கிடைக்கும், கணக்கு எழுதத் தெரிந்த ஒரு பெண் இருக்கிறாள். அவளைக் கொண்டு காட்டேரியைப் பிடியுங்கள். நாமே டிக்கட் வாங்கி வந்து முன் வரிசையில் உட்காருகிறோம்.

பார்க்கும் தோழர்களே! இனி இத்தகைய படத்தைப் பார்த்து முடித்ததும் மூன்று கேள்விகளை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பேயை ஓட்டியவன் யார்? அதற்கு அவன் கூலி எவ்வளவு வாங்கினான்? அந்த வீட்டு வியாதிக்கு டாக்டரைக் கூப்பிட்டார்களா? பல் பிளாஸ்டிக்கா என்பதை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.