பெயரைக் கண்டு அஞ்சலாமா?

கச்சான் காற்று வீசத் தொடங்கினால் கந்தளாயிலே உதடு வெடிப்பதும், தோல் வறண்டு வெளிறுவதும், குதிகால் பிளப்பதும் நாம் ஆண்டுதோறும் காண்பனவே. அவ்வேளையில் குழந்தைக்குப் பூச்சு வாங்கச் செல்லும் தாய்மார் சிலர், புட்டியின் சீட்டிலே ‘செற்றைல் அற்ககோல்’ என்ற பெயரைக் கண்டு திடுக்கிடுகின்றனர். மதுவைத் தீண்டாத குடும்பத்தில் அப்பூச்சு நுழையலாமா என்பது அவர்தம் ஐயம்.

ஐயம் நேர்மையானதே, ஆயின் அச்சத்துக்கு இடமில்லை. அற்ககோல் என்பது ஒரு தனிப்பொருளின் பெயரன்று. ஒரு பெருங்குடும்பத்தின் பெயர். சாராயத்தில் உள்ளது எதைல் அற்ககோல். அதன் மூலக்கூற்றில் காபன் அணுக்கள் 2. அது விரைந்து ஆவியாகித் தோலை உலர்த்தும். செற்றைல் அற்ககோலிலோ காபன் அணுக்கள் 16. அது வெண்ணிற மெழுகு போன்ற திண்மம், ஏறத்தாழ 49 பாகை செல்சியசிலே உருகுவது, போதை தராதது. தோலின் மேற்படையிலுள்ள நுண்ணிய இடைவெளிகளை நிரப்பி, ஈரம் வெளியேறாமற் காப்பதும், பூச்சிலுள்ள எண்ணெயும் நீரும் பிரியாமல் நிற்க உதவுவதும் அதன் தொழில்களாம்.

இதனை 1817இல் பிரித்தெடுத்தவர் செவ்ரூல் என்னும் பிரெஞ்சு அறிஞர். எண்ணெய்த் திமிங்கிலத்தின் தலையிற் கிடைக்கும் மெழுகே அவர் கொண்ட மூலப்பொருள். ‘செற்றைல்’ என்ற சொல்லும் திமிங்கிலத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்ததே. அவ்வினத் திமிங்கிலங்கள் நமது திருகோணமலைக் கடலிலும் உலவுகின்றன. இன்று அவற்றைக் கொல்ல வேண்டுவதில்லை. பெரும்பாலும் பாம் எண்ணெய் போன்ற தாவர எண்ணெய்களிலிருந்தே இப்பொருள் ஆக்கப்படுகின்றது. ஆதலின் புலால் உண்ணாதாரும் பெரிதும் கலங்க வேண்டா.

அமெரிக்க நாட்டு அழகுப்பொருள் ஆய்வுக் குழுவினர் 1988இல் இதனைப் பாதுகாப்பானதென மதிப்பிட்டனர். எனினும் மிகச் சிலருக்கு அரிப்புத் தோன்றக்கூடும். முழங்கையின் உட்புறத்தே சிறிதளவு பூசிச் சில நாள் பார்த்துப் பின் பயன்படுத்துதல் நன்று. தடிப்பு எழுந்தால் நிறுத்தி மருத்துவரை நாடுக.

அஞ்சத்தக்கது வேறொன்றுண்டு. உள்ளடக்கம் எதுவும் குறிக்கப்படாமல், சில நாளிலே நிறம் தருவதாகக் கூறி விற்கப்படும் பூச்சுகள் சிலவற்றிற் பாதரசம் கலந்திருப்பது பல நாடுகளிற் கண்டறியப்பட்டுள்ளது. அது சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுப்பது. அத்தகைய அழகுப்பொருள்களைத் தடுத்தற்கென்றே 2013ஆம் ஆண்டின் மினமாட்டா உடன்படிக்கையில் விதி வகுக்கப்பட்டது. சீட்டிலே பெயர் எழுதியிருக்கும் பொருளைப் பற்றி விசாரித்து அறியலாம். பெயரே எழுதாத புட்டியை வீட்டுக்குக் கொணராதிருத்தலே அறிவுடைமை.