ஈரத் துண்டு வைத்தியம்!

என்ன மக்களே, குற்றாலத்துல தண்ணி விழ ஆரம்பிச்சிருச்சுன்னு பேப்பர்ல போட்டோ வந்தா, கடைசி பெஞ்சுல உட்கார்ந்திருக்கும்போதே முகத்துல சாரல் அடிக்குமே... அடிக்குதா?

ஒரு மதுரைத் தம்பிக்கு அடிச்சிருக்கு. 'அண்ணே, எங்க தாத்தாவோட பத்மினி கார் ஷெட்ல இருக்கு. துடைச்சு ஸ்டார்ட் பண்ணினோம், ஜம்முனு ஓடுது. நாலு பேர் அதுலயே குற்றாலம் போலாம்னு ப்ளான். வழியில நின்னுருச்சுன்னா என்ன பண்றது?'ன்னு கேட்டிருக்கார்.

தம்பி, 'நின்னுருச்சுன்னா' எல்லாம் கிடையாது. நிக்கும். நிக்கும்னு தெரிஞ்சே கிளம்பினா அது டூர். தெரியாம கிளம்பினா என்னன்னு நான் சொல்றேன். நான் நின்னவன்!

2003, ஜூன் மாசம். நண்பனோட பெரியப்பா கார். பத்மினிதான். 1964-ல பம்பாய்ல பிரீமியர் கம்பெனி ஃபியட் 1100-ஆக விட்டது, 1974-ல பத்மினின்னு பேர் மாறிச்சு. ஆனா ஊர்ல எவன் மாத்தினான்? எங்களுக்கு அது கடைசி வரைக்கும் 'ஃபியட்டு'தான். 1089 சிசி இன்ஜின், ஸ்டியரிங் பக்கத்துலயே கியர், ஜன்னல்ல முக்கோணமா ஒரு குட்டிக் கண்ணாடி. அதைத் திருப்பி வச்சா முகத்துல காத்து அடிக்கும் பாருங்க, அதுதான் ஏ.சி.

காலையில ஆறு மணிக்குக் கிளம்பறதா ப்ளான். ஒருத்தன் எந்திரிச்சதே ஒன்பதுக்கு. (எல்லா கேங்லயும் இப்படி ஒரு ஜீவன் இருக்கும். உங்க கேங்ல யாருன்னு இந்நேரம் எல்லாரும் திரும்பிப் பார்த்திருப்பீங்க.) திருமங்கலம் தாண்டி கொல்லம் ரோட்டைப் பிடிச்சப்போ வெயில் உச்சி மண்டையைப் பிளக்குது. மதுரைப் பக்கம் ஜூன்ல 37, 38 டிகிரி சர்வசாதாரணம். டி.கல்லுப்பட்டியில நிறுத்தி டீ, வடை. கால் மணி நேரம் அரட்டை. திரும்ப ஸ்டார்ட் பண்ணினோம், எடுத்துச்சு. ரெண்டு கிலோமீட்டர்கூட போகலை. முதல்ல ரெண்டு இருமல். அப்புறம் ஒரு குலுக்கல். அப்புறம் நிசப்தம்.

சுத்திலும் கரிசக்காடு. கொஞ்ச தூரத்துல ஒத்தைப் புளியமரம். வேற ஒண்ணுமில்லை.

அடுத்து நாங்க பண்ணினது எல்லாமே தப்பு. தார் ரோட்டு மேலயே வண்டி நிக்குது. ஒருத்தன் செல்ஃப் அடிச்சுக்கிட்டே இருக்கான். பேட்டரி 'ர்ர்ர்...'னு இழுத்து, 'டக்'னு ஒரு சத்தத்தோட அடங்கிருச்சு. ஒருத்தன் பின் சீட்டுக் கதவைத் திறந்து, ரோட்டுப் பக்கம் காலைத் தொங்கப் போட்டு சிகரெட் பத்த வைக்கிறான். நான் பானெட்டைத் திறந்து, எல்லாம் தெரிஞ்ச மாதிரி உள்ளே பார்த்துக்கிட்டு இருக்கேன். அப்போ ஒரு பஸ் எங்களை ஒட்டி ஒரு போடு போட்டுச்சு பாருங்க, கதவு ஆடுது, என் சட்டை பறக்குது. காலைத் தொங்கப் போட்டிருந்தவன் எப்போ காலை உள்ளே இழுத்தான்னு அவனுக்கே தெரியலை.

எதிர்ப்பக்கமா டி.வி.எஸ். 50-ல வந்த ஒரு பெரியவர் வண்டியை நிறுத்தினார். டிராக்டர் மெக்கானிக்னு அப்புறம்தான் தெரிஞ்சது. அவர் முதல்ல காரைப் பத்திக் கேட்கவே இல்லை. "ஏப்பா, சாகவா வந்தீங்க? எல்லாரும் அங்கிட்டு இறங்குங்க. வண்டியைத் தள்ளுங்க"ன்னார்.

மக்களே, இந்த பத்தியில வேற எதையும் படிக்கலைன்னாலும் பரவாயில்லை, இதைப் படிச்சிருங்க. கார் நின்னா கார் சாகாது. ரோட்டுல நிக்கிற கார் பின்னாடி வர்றவன் கண்ணுக்குத் தெரியாமப் போகும், அதுலதான் ஆள் சாகிறது. நியூட்ரல்ல போட்டு மண் ரோட்டுக்குத் தள்ளிடணும். சூடு பறக்கிற காரா இருந்தாலும் நாலு பேர் தள்ளினா நகரும். நாலு லைட்டும் மினுக்கட்டும். சிவப்பு முக்கோணம் இருந்தா காருக்குப் பின்னாடி ஐம்பது மீட்டர் தள்ளி வையுங்க, டிக்கிக்குப் பக்கத்துல வச்சா அது அலங்காரம். எங்ககிட்ட அதெல்லாம் இல்லை. பெரியவர் ஒரு வேப்பங்கொப்பை ஒடிச்சு ரோட்டோரம் போட்டார், டயருக்கு அடியில ரெண்டு பெரிய கல்லை முட்டுக் கொடுத்தார். எங்களைக் காருக்குள்ளே உட்காரவே விடலை. புளியமரத்தடிக்கு விரட்டிட்டார்.

அதுக்கப்புறம்தான் கேட்டார்: "சட்டுனு நின்னுச்சா, இருமிக்கிட்டு நின்னுச்சா?"

இந்த ஒரு கேள்வியில பழைய கார் வைத்தியம் பாதி முடிஞ்சுது. ஸ்விட்சை அணைச்ச மாதிரி சட்டுனு நின்னா கரன்ட் பிரச்னை. வயர் கழண்டிருக்கும், இல்லைன்னா டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள இருக்கிற பாயின்ட் கரி பிடிச்சிருக்கும். தீப்பெட்டியோட உரசுற பட்டையைக் கிழிச்சு அந்தப் பாயின்ட்டுக்கு நடுவுல விட்டுத் தேய்ப்பாங்க பழைய டிரைவர்கள். இருமி, முக்கி, முனகி நின்னா பெட்ரோல் பிரச்னை. மீட்டர்ல சூட்டு முள் ஏறி ஆவி பறந்தா தண்ணிப் பிரச்னை. ஃபேன் பெல்ட் அறுந்தாலும் இதே கதிதான், ஏன்னா வாட்டர் பம்ப்பைச் சுத்துறதே அந்த பெல்ட்தான். கரன்ட், பெட்ரோல், தண்ணி... வீட்டு மாசச் செலவு மாதிரியே இருக்கில்ல?

நான் அதுக்குள்ள புத்திசாலித்தனமா ரேடியேட்டர் மூடியில கை வச்சேன். பெரியவர் என் கையில பட்டுனு ஒரு அடி அடிச்சார். நிஜமாவே வலிச்சது. குக்கர்ல வெயிட்டோட மூடியைத் திறந்தா என்ன ஆகும்? அதேதான். உள்ளே அழுத்தத்துல இருக்கிறதால தண்ணி நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காம இருக்கும். மூடியைத் திறந்த நொடி ஆவியா மாறி மூஞ்சிக்கு வரும். அரை மணி நேரம் கழிச்சு, துணியைப் போட்டு, பாதி திருகி, 'புஸ்' அடங்கினதும் மீதி. அன்னைக்கு அந்த அடி விழலைன்னா இந்தப் பத்தி மேல என் போட்டோ போட முடியாது.

எங்க கார்ல தண்ணி சரியாத்தான் இருந்துச்சு. பெரியவர் இன்ஜின் பக்கவாட்டுல இருக்கிற பெட்ரோல் பம்ப்பை விரலால தொட்டுட்டு, வெடுக்குனு எடுத்தார். "காத்து அடைச்சிருக்கு. துண்டு இருக்கா?" அருவியில குளிக்கக் கொண்டு போன துண்டு நாலு இருந்துச்சு. தண்ணிதான் ஒரு சொட்டு இல்லை, கல்லுப்பட்டியிலேயே குடிச்சுத் தீர்த்துட்டோம். அவர் வண்டிப் பையில இருந்த பாட்டில் தண்ணியை எடுத்துத் துண்டை நனைச்சு, பம்ப் மேல சுத்தி வச்சார். "அரை மணி நேரம் எவனும் கை வைக்கப்படாது"ன்னுட்டு வந்து மரத்தடியில உட்கார்ந்துட்டார்.

இது மந்திரம் இல்லை, உங்க ப்ளஸ் டூ ஃபிசிக்ஸ். பெட்ரோல்ங்கிறது ஒரே திரவம் கிடையாது, பலதோட கலவை. அதுல லேசான சமாச்சாரங்கள் 40 டிகிரி பக்கத்துலேயே ஆவியாக ஆரம்பிச்சிரும். பழைய கார்ல பம்ப் இன்ஜின் மேலேயே ஒட்டிக்கிட்டு இருக்கும். ஓடும்போது காத்து பட்டு சமாளிச்சுக்கும். டீக்கடையில நிறுத்தினோம்ல, அப்போ காத்து நின்னுபோச்சு, இன்ஜின் சூடு முழுக்க பம்ப்புக்கும் டியூபுக்கும் ஏறுது. உள்ளே பெட்ரோல் கொதிச்சுக் குமிழி விடுது. பம்ப் உறிஞ்சுது, ஆனா வர்றது ஆவி. காலி கிளாஸ்ல ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுற மாதிரி. இதுக்குப் பேர் வேப்பர் லாக். ஈரத் துண்டு காயக் காய சூட்டை எடுத்துக்கிட்டுப் போகும், மண்பானைத் தண்ணி ஜில்லுனு இருக்கிற அதே கதை. உங்க அப்பாவோட புது காருக்கு இந்த வியாதியே தெரியாது. அதுல பம்ப் பெட்ரோல் டேங்குக்குள்ளேயே மூழ்கிக் கிடந்து, அங்கிருந்து அழுத்தித் தள்ளும்.

அந்த அரை மணி நேரம் இருக்கே... அருவியை விட அதுதான் இன்னைக்கும் ஞாபகம் இருக்கு. பெரியவர் டி.வி.எஸ். பஸ் பத்திப் பேச ஆரம்பிச்சார். அந்தக் காலத்துல பஸ் வர்றதைப் பார்த்து கடிகாரத்தைத் திருப்பி வைப்பாங்களாம். மாட்டு லாடத்துல இருந்து உதிர்ற ஆணி டயரைக் குத்தக் கூடாதுன்னு, காந்தம் கட்டின வண்டியை ரோட்டுல விட்டு ஆணி பொறுக்கினாங்கன்னும் ஒரு கதை மதுரைப் பக்கம் உண்டு. டி.வி.சுந்தரம் ஐயங்கார் 1912-ல தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவுல முதல் பஸ்ஸை விட்டவர். மதுரையை மையமா வச்சு வளர்ந்த கம்பெனி. ரெண்டாம் உலகப் போர்ல பெட்ரோலே கிடைக்காதப்போ, 'டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்'னு ஒண்ணைத் தயாரிச்சாங்க. வண்டியில ஒரு அடுப்பு, அதுல கரி. கரியைக் குறைவான காத்துல எரிச்சு, வர்ற வாயுவுல இன்ஜினை ஓட்டுறது. கரியைப் போட்டு பஸ் ஓட்டின ஊர்ல, டேங்க் நிறைய பெட்ரோலை வச்சுக்கிட்டு நாங்க புளியமரத்தடியில உட்கார்ந்திருந்தோம்.

துண்டு காய்ஞ்சது. பேட்டரிதான் செத்துப்போச்சே, தார் ரோட்டுக்கு ஏத்தி, ரெண்டாவது கியர்ல போட்டுத் தள்ளினோம். இருபது அடியில 'குபுக்'னு பிடிச்சது. பெரியவருக்கு ஐம்பது ரூபா கொடுத்தோம். சினிமா மாதிரி 'வேணாம் தம்பி' எல்லாம் சொல்லலை, வாங்கிப் பையில போட்டுக்கிட்டார்.

இப்போ தம்பி விஷயத்துக்கு வர்றேன். ஷெட்ல கிடந்த கார்னு சொன்னீங்க. அங்கதான் எனக்கு பயமா இருக்கு. தாத்தா ஓட்டின காலத்துப் பெட்ரோல் வேற. 2025-ல நாடு முழுக்க 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தாச்சு. அந்தக் காலத்து ரப்பர் டியூப், பம்ப்புக்குள்ள இருக்கிற ரப்பர் சவ்வு எல்லாம் எத்தனாலுக்காகச் செஞ்சது இல்லை. ஊறி, விரிஞ்சு, வெடிச்சிரும். சூடான இன்ஜின் மேல பெட்ரோல் ஒழுகினா ஈரத் துண்டு வேலைக்காகாது, தீ. அதோட எத்தனால் ஈரத்தை இழுக்கும், ரொம்ப நாள் நின்ன வண்டியில டேங்க் அடியில தண்ணி தேங்கும். கிளம்புறதுக்கு முன்னாடி டேங்க்கைச் சுத்தம் பண்ணி, டியூப் எல்லாத்தையும் மாத்திருங்க. கார்புரேட்டர் தெரிஞ்ச வயசான மெக்கானிக் யாராவது உங்க ஏரியாவுல இன்னும் ஸ்பேனர் பிடிச்சிக்கிட்டு இருப்பார், அவரைத் தேடிப் பிடிங்க. பத்மினி நின்னு கால் நூற்றாண்டாச்சு, அம்பாசிடரே 2014-ல நின்னுபோச்சு. அந்தக் கை வேலை தெரிஞ்சவங்களும் குறைஞ்சுக்கிட்டே வர்றாங்க. அவர் வேலை பார்க்கும்போது செல்போனை உள்ளே வச்சிட்டுப் பக்கத்துல நின்னு பாருங்க.

ஆர்.சி. புக்கையும் எடுத்துப் பாருங்க. பதினஞ்சு வருஷம் தாண்டின காருக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். இன்ஷூரன்ஸ் இல்லாம ஷெட்டை விட்டு வெளியே எடுக்காதீங்க. டிக்கியில அஞ்சு லிட்டர் தண்ணி (குடிக்கிறதுக்கு இல்லை!), ஒரு ஃபேன் பெல்ட், பழைய துண்டு, டார்ச், முக்கோணம். பெட்ரோல் முள்ளை நம்பாதீங்க, டேங்க் காலியானதை வேப்பர் லாக்னு நினைச்சுத் துண்டு சுத்தினவங்களும் உண்டு. தேசிய நெடுஞ்சாலையில நின்னா 1033-க்கு அடிங்க, உதவி வரும். அடிபட்டா 108. முக்கியமா, காலையில ஆறு மணின்னா ஆறு மணிக்குக் கிளம்புங்க. அந்த ஒன்பது மணி ஜீவனை முந்தின நாள் ராத்திரியே உங்க வீட்டுல படுக்க வச்சிருங்க.

ஒண்ணு சொல்ல விட்டுட்டேன். அன்னைக்கு கார் கிளம்பின சந்தோஷத்துல நாங்க கத்திக்கிட்டே ஏறி உட்கார்ந்துட்டோம். பின்னாடி பெரியவர் கை தட்டிக் கூப்பிடுறார். இன்ஜினை அணைக்காம, நான் மட்டும் இறங்கி ஓடினேன். ரோட்டோரத்துல கிடந்த அந்த ரெண்டு முட்டுக்கல்லையும் காட்டினார்.

"ராத்திரி பைக்ல வர்றவனுக்கு இது தெரியுமா? தூக்கிக் காட்டுக்குள்ள போடு."

தூக்கிப் போட்டேன். வேப்பங்கொப்பையும் இழுத்துப் போட்டேன். கை முழுக்க கரிசல் மண். குற்றாலம் போய்ச் சேர்ந்தப்போ இருட்டிருச்சு, மெயின் ஃபால்ஸ்ல தண்ணி கொட்டிக்கிட்டு இருந்துச்சு. பம்ப்புல சுத்தின துண்டுல பெட்ரோல் வாசனை போகவே இல்லை. அதை எடுத்துத் துவட்டினவன், அந்த ஒன்பது மணி ஜீவன்!