ஏரிக்கரையில் கூடாரம் அடிக்க நமக்கும் உரிமை உண்டு!

திருவண்ணாமலை செங்கம் ரோட்டில், ரமணாசிரமம் பகுதி டீக்கடை ஒன்றில் சென்ற வாரம் நடந்த பேச்சு இது. நம் தோழர்கள் சிலர், மில் தொழிலாளிகளும் விவசாயக் கூலிகளுமாக உட்கார்ந்து, வரும் மாசியில் குடும்பத்தோடு 2 நாள் வெளியே போய்வர யோசனை செய்துகொண்டிருந்தார்கள். சாத்தனூர் அணையைப் பார்ப்பது, ஜவ்வாது மலையடிவாரத்தில் ஓர் ஏரியோரம் கூடாரம் அடித்து ஓர் இரவு தங்குவது, இவ்வளவுதான் திட்டம்.

பக்கத்து பெஞ்சிலிருந்த கனவான் ஒருவருக்கு இது பொறுக்கவில்லை. "ஏம்பா, கூலிக்காரனுக்கு எதுக்கு இந்த உல்லாசமெல்லாம்? அது வெளியூர்க்காரன், காசுள்ளவன் செய்யற காரியம். உங்க கட்சிக்கு வேற வேலை இல்லையா?" என்று கேட்டார்.

இதற்குப் பதில் சொல்லியே தீர வேண்டும். ஏனென்றால் நம் ஆட்களிலேயே சிலர் இந்தக் கேள்வியை மனசுக்குள் கேட்டுக்கொண்டு கூசி நிற்கிறார்கள்.

இரண்டு விதக் கூடாரம்

கூடாரம் நமக்குப் புதிதா? கரும்பு வெட்டப் போகும் குடும்பம் எங்கே படுக்கிறது? வயலோரத்தில் 4 கழி நட்டு, தார்ப்பாய் போட்டு, அதற்குள்தான் மாதக்கணக்கில் படுக்கிறது. இந்த மாவட்டத்திலிருந்து முன்பணம் வாங்கிக்கொண்டு செங்கல் சூளைக்குப் போகும் ஜனங்கள் எங்கே குடியிருக்கிறார்கள்? நிமிர்ந்து நிற்க முடியாத குடிசையில். பணக்காரன் கூடாரத்தில் தங்கினால் அதற்கு உல்லாசப் பயணம் என்று பெயர். ஏழை தங்கினால் அதற்குப் பிழைப்பு என்று பெயர். கனவானே, பிழைப்புக்காக நாங்கள் கூடாரத்தில் கிடந்தபோது உமக்கு வராத கோபம், சந்தோஷத்துக்காக 1 ராத்திரி தங்குகிறோம் என்றதும் வருகிறதே, அது ஏன்?

மலையடிவாரமும் அப்படித்தான். காசுள்ளவன் மலை தெரியும்படி ஜன்னல் வைத்து வீடு கட்டுகிறான். ஊருக்குள் மனை வாங்க வழியில்லாத ஏழை, மலைச் சரிவிலேயே சுவர் எழுப்புகிறான். 2024 டிசம்பர் 1-ந் தேதி, பெஞ்சல் புயல் மழையில், திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலைச் சரிவு இடிந்து பாறையும் மண்ணும் வீட்டின்மேல் விழுந்தன. 7 உயிர்கள் போயின. அவர்களில் 5 பேர் குழந்தைகள். மலையடிவாரம் என்ற சொல்லைக் கேட்டால் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தக் குழந்தைகள்தான். ஏழைக்குப் பத்திரமான இடத்தில் மனைப் பட்டா வேண்டும் என்று நாம் ஓயாமல் கேட்பது இதனால்தான்.

ஏரி யார் வெட்டியது?

ஆசிரமத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் சமுத்திரம் ஏரி இருக்கிறது. அதன் கரையைக் கொட்டியது யார்? கூடை சுமந்தவர்கள் நம் பாட்டன், பாட்டிமார். 1958-ல் கட்டி முடித்த சாத்தனூர் அணையில் கல் சுமந்தது யார்? தென்பெண்ணையைச் சென்னகேசவ மலைகளுக்கு நடுவே மறித்து, 119 அடி உயரத்துக்குத் தண்ணீர் தேக்கியிருக்கிறார்களே, அது மந்திரத்தால் நின்ற தண்ணீரா? கட்டியவனின் பேரன் அதைப் பார்க்கப் போவது உல்லாசமாம்!

ஒரு பழைய சங்கதி சொல்கிறோம். நாம் பக்தி பேசுகிறவர்கள் அல்லர். இருந்தாலும் இது இந்த ஊர்ச் சரித்திரம். 1896-ல் 16 வயதுப் பையனாக இங்கே வந்த ரமணர், பிற்பாடு மலைமேல் விரூபாக்ஷ குகையில் வெகுகாலம் தங்கினார். அவரைப் பார்க்க வந்தவர்களிடம் குகைக்குச் சொந்தம் கொண்டாடிய மடத்தார் காசு வசூலித்தார்கள். அவரோ குகையை விட்டு வெளியே வந்து உட்கார்ந்துவிட்டார். வசூல் படுத்தது. கடைசியில் கட்டணத்தைக் கைவிட்டார்கள். அவர் பெயரைச் சொல்லியே இன்று நிலத்தை விலை ஏற்றி, வேலி போட்டு விற்கிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கட்டும்.

ஜவ்வாது மலைக்காரர்களின் கதை இன்னும் கொடுமை. சாமையும் கேழ்வரகும் விளைவித்த ஜனங்கள், மலையில் வேலையில்லாமல் கூலிக்கு வெளியே போகிறார்கள். 2015 ஏப்ரல் 7-ந் தேதி சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸார் 20 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்றார்கள். செத்தவர்களில் பலர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்ட ஏழைகள். மரம் கடத்திக் கோடி சேர்த்த முதலைகள் யாரும் அங்கே குண்டடி படவில்லை. ஆகவே தோழர்களே, ஜவ்வாது அடிவாரத்துக்கு நாம் வேடிக்கை பார்க்க மட்டும் போகக் கூடாது. 2006-ம் வருஷ வன உரிமைச் சட்டப்படி பட்டா கிடைத்ததா, கூலி என்ன, பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்று அந்த ஜனங்களோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

ஓய்வு யாரும் போட்ட பிச்சையல்ல

சீமையிலும் இந்தச் சண்டை நடந்திருக்கிறது. மான்செஸ்டர், பருத்தி மில்களின் ஊர். புகையிலும் பஞ்சுத் தூசியிலும் வாரமெல்லாம் கிடந்த தொழிலாளிகள், ஞாயிற்றுக்கிழமை பக்கத்து மலையில் நடக்க ஆசைப்பட்டார்கள். மலையையோ பிரபுக்கள் காட்டுக்கோழி வேட்டைக்கென்று அடைத்து வைத்திருந்தார்கள். 1932 ஏப்ரல் 24-ந் தேதி சுமார் 400 பேர் தடையை மீறிக் கிண்டர் ஸ்கவுட் மலையில் ஏறினார்கள். முன்னே நின்றவர் பென்னி ராத்மன்; வயது 20; இளம் கம்யூனிஸ்ட். 5 பேருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. நடந்தது என்ன? 1951-ல் அந்தப் பிரதேசமே அந்நாட்டின் முதல் தேசியப் பூங்காவாயிற்று. பிரான்சில் 1936-ம் வருஷ வேலைநிறுத்த அலைதான் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு 2 வார லீவு வாங்கித் தந்தது. முதன்முதலாகக் கடலைப் பார்த்த குடும்பங்கள் அங்கே அநேகம்.

நம் நாட்டிலும் 1948-ம் வருஷத் தொழிற்சாலைச் சட்டம் வார விடுமுறையை எழுதிவைத்தது. 240 நாள் வேலை செய்தவனுக்கு, 20 நாளைக்கு 1 நாள் வீதம் சம்பளத்தோடு லீவு என்றும் எழுதிவைத்தது. அந்தச் சட்டத்தையே எடுத்துவிட்டு, 2025 நவம்பரில் மத்திய சர்க்கார் தன் தொகுப்புச் சட்டங்களைப் புகுத்தியது. அதற்கு முன் 2023 ஏப்ரல் 21-ந் தேதி, நாளைக்கு 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா தமிழ்நாட்டுச் சட்டசபையிலேயே நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன, மே தினத்தன்று மசோதா வாபஸ் ஆயிற்று. அன்று நாம் சும்மா இருந்திருந்தால், இன்று கூடாரத்தைப் பற்றிப் பேச நேரமேது?

விவசாயக் கூலிக்கோ சம்பள லீவு என்ற பேச்சே கிடையாது. வேலையில்லாத நாள் அவனுக்குப் பட்டினி நாள். ஆகவே மில் தொழிலாளி தன் லீவைக் காப்பாற்றுவதும், வயல் தொழிலாளிக்கு அதைக் கேட்பதும் ஒரே போராட்டத்தின் இரண்டு கைகள்.

எப்படிப் போவது?

போவோம். ஆனால் யோசித்துப் போவோம்.

ஐப்பசி, கார்த்திகை வேண்டாம், அது மழைக்காலம். 2024 டிசம்பர் 2-ந் தேதி சாத்தனூரில் விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி வரை தண்ணீர் திறந்தார்கள்; பெண்ணைக் கரை ஊர்கள் மூழ்கின. கோடையும் வேண்டாம். 2018 மார்ச் 11-ந் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கி 20-க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். தை அறுப்பு முடிந்த மாசித் தொடக்கம்தான் நல்லது. கூலிக்காரர் கையும் கொஞ்சம் ஓய்ந்திருக்கும். ஏரியிலும் தண்ணீர் இருக்கும்.

ஆற்று மணலில் கூடாரம் கூடாது. ஏரிக்கரைமேலும், மதகுக்கு நேர் கீழும் கூடாது. தள்ளி மேட்டில் அடிக்க வேண்டும். பாறைச் சரிவுக்கு அடியில் கூடவே கூடாது. சாத்தனூர்த் தேக்கத்தில் முதலை உண்டு. இறங்கிக் குளிக்க வேண்டாம். வன இலாகா அனுமதியில்லாமல் காட்டுக்குள் நுழைய வேண்டாம். பக்கத்து ஊர்ப் பஞ்சாயத்தில் முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். அடுப்பை அணைத்துத் தண்ணீர் ஊற்றி, சாம்பல் குளிர்ந்த பிறகே படுக்க வேண்டும்.

வீட்டுக்கு ஒரு படி அரிசி, சங்கத்துத் தார்ப்பாய், 2 அண்டா போதும். சாராயப் பாட்டில் வரக் கூடாது. இன்னொன்றும் கண்டிப்பாகச் சொல்கிறோம்: அந்த 2 நாளும் ஆண்கள்தான் சமைக்க வேண்டும்! வருஷம் 365 நாளும் அடுப்படியில் நிற்கிறவளை ஏரிக்கரைக்கு அழைத்துப் போய் அங்கேயும் அடுப்பு மூட்டச் சொன்னால், அவளுக்கு அது என்ன ஓய்வு? அவளும் கரையில் காலை நீட்டி உட்காரட்டும்.

ராத்திரி பிள்ளைகளுக்கு வானத்தைக் காட்டுங்கள். இதே ஜவ்வாது மலையில், காவலூரில்தான் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1986 முதல் 2.3 மீட்டர் தொலைநோக்கி அங்கே நட்சத்திரங்களை ஆராய்கிறது. கூலிக்காரன் பிள்ளை அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். அதில் நாளை வேலை பார்க்க ஆசைப்படட்டும்.

டீக்கடைக் கனவானே! கட்சிக்கு வேறு வேலை இல்லையா என்றீர். இருக்கிறது. கூலி, பட்டா, 8 மணி நேர வேலை என்று மலைபோல் இருக்கிறது. உழைக்கிற மனிதன் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து, தான் கட்டிய அணையைத் தானே பார்க்க வேண்டும் என்பதும் அந்த வேலையில் சேர்ந்ததுதான். மாசியில் நாங்கள் போகிறோம். வருவதென்றால் நீரும் வாரும். அரிசி 1 படி கொண்டு வாரும்; வெங்காயம் உரிக்கவும் தயாராக வாரும்!