மதகும் மரபணுவும்: கருப்பை வாய்ப் புற்றுநோயைச் சொல்லும் சொற்கள்

வடகிழக்குப் பருவமழை வலுக்கும் ஆண்டுகளில் பிச்சாட்டூரிலுள்ள ஆரணியாறு அணையின் மதகுகள் திறக்கப்படும். எல்லை தாண்டி, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம் பகுதிகளின் கரையோர ஊர்களுக்கு வெள்ள எச்சரிக்கை விடுக்கப்படும். எந்த மதகு எப்போது, எவ்வளவு திறக்கிறது என்பதைப் பொறுத்தே அவ்வூர்களின் நிலை அமைகிறது. மரபணு ஒழுங்குமுறை என உயிரியலார் குறிப்பதும் இத்தகைய கட்டுப்பாட்டையே. உடலின் உயிரணுக்கள் அனைத்திலும் ஏறத்தாழ ஒரே மரபணுத் தொகுதி இருக்க, எது எங்கே, எவ்வளவு இயங்கவேண்டும் என்பதை அது வரையறுக்கிறது.

கருப்பை வாய்ப் புற்றுநோயில் உடைவது இந்த மதகுதான். ஏறத்தாழ எல்லா நேர்வுகளிலும் இந்நோய்க்குக் காரணம் மனிதப் பாப்பிலோமா வைரஸின் நீடித்த தொற்று. அவ்வைரஸின் இ2 என்னும் புரதம், இ6, இ7 ஆகிய அதன் இரு மரபணுக்களை அடக்கி வைத்திருக்கிறது. வைரஸின் டி.என்.ஏ. மனித டி.என்.ஏ.வுக்குள் பிணையும்போது பெரும்பாலும் இ2 மரபணு சிதைகிறது, அடக்கம் நீங்குகிறது. மிகுதியாக உருவாகும் இ6, உயிரணுவின் காவலரணான பி53 புரதத்தை அழிக்கிறது. இ7, ஆர்பி புரதத்தைச் செயலிழக்கச் செய்கிறது. ஆர்பி தடுத்து வைத்திருந்த, உயிரணுப் பிரிவுக்குரிய மரபணுக்கள் ஓயாது இயங்கத் தொடங்குகின்றன.

1951இல் ஹென்ரியட்டா லாக்ஸின் கட்டியிலிருந்து எடுக்கப்பட்ட ஹீலா உயிரணுக்கள் இதற்குச் சான்று. ஆய்வகத்தில் அவற்றுக்குள் இ2 மீண்டும் செலுத்தப்பட்டபோது, பல்லாண்டுகளாகப் பெருகிவந்த அவ்வுயிரணுக்கள் பிரிவதை நிறுத்தின.

இவ்வளவு தெளிவான அறிவு மக்களிடம் செல்லும் வழியில் ஒரு சொல் இடறுகிறது. 'மரபணு' என்ற சொல்லுக்குள் 'மரபு' இருக்கிறது. தெலுங்கின் 'ஜன்யுவு' பிறப்பைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் பிச்சாட்டூர் போன்ற எல்லையூரில் எந்த மொழியில் சொன்னாலும், 'மரபணுக் கோளாறால் வரும் நோய்' என்பது குடும்ப வழி வரும் நோய் என்றே ஒலிக்கும். தாய்க்கும் பாட்டிக்கும் இல்லாத நோய் தனக்கு வராது என்று ஒரு பெண் முடிவு செய்தால், பிழை அவரிடம் இல்லை; அவருக்குத் தரப்பட்ட சொல்லில் உள்ளது.

அப்பிழையின் விலை பெரிது. 2022ஆம் ஆண்டுக்கான உலக மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஏறத்தாழ 1.27 இலட்சம் பெண்கள் புதிதாக இந்நோய்க்கு ஆளாயினர். ஏறத்தாழ 80 ஆயிரம் பேர் இறந்தனர். தொற்று புற்றாக மாறப் பெரும்பாலும் 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்த ஆய்வு இந்த இடைவெளியைப் பயன்படுத்திக் காட்டியது. 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்க்கும் சோதனை ஒரே முறை வழங்கப்பட்டது. இந்நோயால் நேரும் இறப்பு 35 விழுக்காடு குறைந்ததை 2007இல் வெளியான முடிவுகள் உணர்த்தின.

எனவே கலைச்சொல்லாக்கம் அகராதியோடு முடியும் பணியாகாது. இந்நோயைப் பற்றி எழுதும் ஆய்வாளர் 'மரபணு' என்றவுடன் அடுத்த தொடரிலேயே மூன்றைச் சொல்லவேண்டும்: இது பரம்பரை நோயன்று; தொற்றால் மரபணுக்களின் கட்டுப்பாடு குலைவதால் வருவது; 9 முதல் 14 வயதில் தடுப்பூசியும், 35 வயதுக்குள்ளும் மீண்டும் 45 வயதுக்குள்ளும் பரிசோதனையும் உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைகள். பிச்சாட்டூரில் அதை இரு மொழிகளிலும் சொல்லவேண்டும்.